பழைய மழைநீர் வடிகால்: குழாயை மாற்றும் முன் எதை அளக்க வேண்டும்?

கேள்வி:
ஆற்றையொட்டிய தாழ்வான எங்கள் குடியிருப்பில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பதித்த 600 மி.மீ. கான்கிரீட் குழாய்களே மழைநீரை ஆற்றுக்குக் கொண்டு செல்கின்றன. பலத்த மழை பெய்தால் ஆற்றுக்கு அருகிலுள்ள கடைசித் தெருவில் மேன்ஹோல் மூடி எழும்பி நீர் கொப்பளிக்கிறது. 900 மி.மீ. குழாய் பதித்தால் தீர்ந்துவிடும் என்று பலரும் கூறுகின்றனர். செலவில் இறங்கும் முன் எதையெல்லாம் ஆராய வேண்டும்?

மறுமொழி 1:
கணக்கில் பிழையில்லை. குழாயில் ஓடும் நீரின் அளவைக் கணக்கிடும் மேனிங் சூத்திரத்தின்படி, சாய்வு மாறாதிருந்தால், நிரம்பி ஓடும் 900 மி.மீ. குழாய் 600 மி.மீ. குழாயைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைக் கடத்தும். ஆனால் நீர் கொப்பளிப்பது கடைசித் தெருவில் என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆறு பெருகிக் குழாயின் முனை மூழ்கிவிட்டால், நீரை வெளியே தள்ளுவதற்குத் தெருவுக்கும் ஆற்றுக்கும் இடையிலான மட்ட வேறுபாடு ஒன்றே மிஞ்சும். ஆற்று மட்டம் தெருவை எட்டிவிட்டால் எந்தக் குழாயும் உதவாது. தடுப்புக் கதவில்லாத பெரிய குழாய், ஆற்றைத் தெருவுக்கு அழைத்து வரவும் செய்யும். அடுத்த மழையில் ஆற்று மட்டத்தையும் மேன்ஹோலில் நீர் நிற்கும் மட்டத்தையும் கால் மணிக்கொருமுறை ஒரே நேரத்தில் குறித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
இரண்டு மழைகளில் குறித்துவிட்டோம். மூடி எழும்பிய வேளையிலும் ஆறு தெருவைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்வாகவே இருந்தது. பின்னர் முனையில் இறங்கிப் பார்த்தபோது, ஆற்றுநீர் திரும்பாமல் தடுக்கும் இரும்புக் கதவு துருவேறி நான்கு விரல் அகலமே திறந்தது. குழாயின் அடியில் ஒரு சாண் வண்டல் இறுகிக் கிடந்தது.

மறுமொழி 2:
அப்படியானால் ஆற்றின் மீது பழியில்லை. 600 மி.மீ. குழாயில் ஒரு சாண் வண்டல் என்றால் குறுக்குவெட்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஓட்டத்தில் இழப்பு இன்னும் கூடுதல், கிட்டத்தட்ட பாதியே மிஞ்சும். முதலில் கதவைச் சீராக்கி, வண்டலை அகற்றி, பிறகு குழாய்க்குள் கேமரா செலுத்தி, இணைப்பு விலகல், வேர் நுழைவு, விரிசல் ஆகியவற்றைப் பதிவு செய்யுங்கள். பழைய வரைபடத்தை நம்பிவிட வேண்டாம். அதில் இருக்கும் சாய்வு மண்ணுக்குள் இருப்பது அரிது.

அதன் பிறகும் நீர் நின்றால், மேலேயுள்ள நிலம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும். மணிக்கு 60 மி.மீ. மழையில், ஓடுநீர்க் கெழு (பெய்த மழையில் வழிந்தோடும் பங்கு) 0.3 உள்ள ஒரு ஹெக்டேர் புல்வெளி நொடிக்கு 50 லிட்டர் அனுப்பினால், கெழு 0.9 உள்ள தளமிட்ட நிலம் 150 லிட்டர் அனுப்பும். அந்நிலையில் மேற்பகுதியில் நீரைச் சற்று நேரம் தேக்கி விடுவதே என் தேர்வு. மேற்பகுதிக் குழாய்களை மட்டும் பெரிதாக்கினால், வெள்ளம் இன்னும் விரைவாக அதே கடைசித் தெருவுக்கு வந்து சேரும்.