ரீட்பேக், ஹியர்பேக்: தமிழில் என்ன சொல்லலாம்?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

செவிலியர் பயிற்சிக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் உடல்மொழி, பின்னூட்டம் எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. ‘ரீட்பேக்’கில் வந்து நிற்கிறோம். மருத்துவர் தொலைபேசியில் மருந்தளவு சொல்கிறார். செவிலியர் அதை எழுதிக்கொண்டு, எழுதியதைப் பார்த்தே திரும்பப் படிக்கிறார். மருத்துவர் அதைக் கேட்டுச் சரிபார்த்து ‘சரி’ என்கிறார். செவிலியர் படிப்பது ரீட்பேக், மருத்துவர் கேட்டுச் சரிபார்ப்பது ஹியர்பேக்.

இதுவரை வந்தவை மறுவாசிப்பு, எதிருரை, மீளுரை, வழிமொழிதல். மறுவாசிப்பு இலக்கியத் திறனாய்வுக்குப் போய்விட்ட சொல். எதிருரை என்றால் மறுத்துப் பேசுவதுபோல் ஒலிக்கிறது. மீளுரை பரவாயில்லை. ஆனால் சொன்னவரே இன்னொரு முறை சொன்னாலும் அதுவும் மீளுரைதானே? கேட்டவர் சொல்வது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

மடல் 2

ஐயா, வழிமொழிதலையும் இப்போதே விட்டுவிடலாம். கேட்டவர் பின்தொடர்ந்து சொல்வது என்பதால் வேர்ப்பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் கூட்டங்களில் ஒருவர் முன்மொழிய இன்னொருவர் வழிமொழிந்தால், அவர் உடன்படுகிறார் என்றாகிவிட்டது. ரீட்பேக்கில் உடன்பாடு கிடையாது. ‘என் காதில் இப்படி விழுந்தது’ என்று காட்டுவது மட்டுமே. அளவு தப்பென்று செவிலியருக்குத் தோன்றினாலும் முதலில் கேட்டதை அப்படியே படிக்க வேண்டும், அதன் பிறகுதான் கேள்வி. இந்த வரிசை குழம்பினால், மருத்துவர் தப்பாகச் சொன்னாரா, செவிலியர் தப்பாகக் கேட்டாரா என்று கண்டுபிடிக்க முடியாது.

வான்போக்குவரத்தில் இதன் விதி கறாரானது. ஓடுபாதையில் நுழைய, கடக்க, புறப்பட, இறங்க, ஓடுபாதைக்கு வெளியே நிற்கச் சொல்லும் ஆணைகளை விமானி திரும்பப் படித்தே ஆக வேண்டும். உயரம், திசை, வேகம், உயரமானியின் அழுத்த அளவு ஆகியவையும் அப்படியே. ‘ரோஜர்’ போதாது. ‘நீங்கள் சொன்னது வந்து சேர்ந்தது’ என்பதுதான் அதன் பொருள், என்ன வந்து சேர்ந்தது என்பது அதில் தெரியாது.

ஹியர்பேக்குக்குத் தனிச்சொல் ஏன் தேவை என்பதற்கு 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் நடந்த விமான விபத்தைவிடப் பெரிய சான்று இல்லை. லாஸ் ரோடியோஸ் நிலையத்தில் மூடுபனி. புறப்படத் தயாராக நின்ற கேஎல்எம் விமானத்தின் துணை விமானி, பறக்கும் பாதைக்கான அனுமதியை முறையாகத் திரும்பப் படித்தார், கடைசியில் ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்று சேர்த்துக்கொண்டார். கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று சொல்லிச் சற்று நிறுத்தி, ‘டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நான் அழைக்கிறேன்’ என்றார். அதே நொடியில் ஓடுபாதையிலேயே இருந்த பான் ஆம் விமானமும் பேச, இரண்டு ஒலிபரப்பும் மோதி வெறும் கீச்சொலியானது. கேஎல்எம் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’தான். புறப்பட ஓடிய கேஎல்எம், பான் ஆம் விமானத்தின் மீது மோதியது. இரண்டும் போயிங் 747, இறந்தவர்கள் 583 பேர். ரீட்பேக் அங்கே நடந்தது. அதற்கு வந்த பதில்தான் ‘ஓகே’ என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிப்போனது. புறப்படும் அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் கட்டுப்பாட்டாளர் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை எடுப்பதில்லை என்பது இப்போதைய நடைமுறை.

மடல் 3

> கேட்டவர் சொல்வது என்பது அந்தச் சொல்லில் இல்லை.

இருக்கும் சொல் ஒன்று நம் கையிலேயே உண்டு: ஒப்பித்தல். பிள்ளை பாடம் ஒப்பிக்கிறது, ஆசிரியர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் சரிபார்க்கிறார். தவறினால் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறார். கேட்டவர் சொல்வது, சொன்னவர் ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற இரண்டும் அதில் அடக்கம். ஒப்பு என்பதே வேர். பெயர்ச்சொல் வேண்டுமானால் ஒப்புரை.

‘புரியாமல் நெட்டுருவாகச் சொல்வதல்லவா ஒப்பித்தல்’ என்று யாராவது கேட்பார்கள். இங்கே அதுதான் வேண்டும். செவிலியர் சொந்த நடையில் மாற்றிச் சொன்னால் ரீட்பேக் கெட்டுவிடும். ‘அரை மில்லி’யும் ‘ஆறு மில்லி’யும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்கும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால்தான் ‘ஒன்று ஐந்து, பதினைந்து’ என்று இலக்கம் இலக்கமாகவும் படிக்கச் சொல்கிறார்கள். டோபமின், டோபுடமின் போன்ற மருந்துப் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொல்வதும் இதற்காகத்தான்.

புரிந்ததா என்று பார்ப்பது வேறு வேலை, அதற்குப் பெயர் டீச்பேக். வீட்டுக்குப் போகும் நோயாளியிடம் ‘இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க, உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேட்பது. அவர் மருத்துவர் சொன்னதை அச்சுப் பிசகாமல் ஒப்பித்தால் புரியவில்லை என்றே கொள்ள வேண்டும். ஆகவே இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது. டீச்பேக்குக்குத் ‘தன்சொல் விளக்கம்’ என்று முன்வைக்கிறேன்.

(நன்னூல் ‘கூறியது கூறல்’ என்பதை நூலின் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்தது. அது எழுதும் நூலுக்கு. எழுத்தைத் திரும்பிப் பார்க்கலாம், காற்றில் போன குரலைத் திரும்பிப் பார்க்க முடியாது.)

மடல் 4

ஒப்புரைக்கு என் ஆதரவு. இலங்கை வழக்கில் செவிலியர் ‘தாதியர்’, தகவல் தொடர்பு ‘தொடர்பாடல்’, பின்னூட்டம் ‘பின்னூட்டல்’ என்று வேறுபட்டாலும் ‘ஒப்பித்தல்’ இரு கரைக்கும் தெரிந்த சொல்தான். ஆனால் ஹியர்பேக்கை ‘ஒப்புதல்’ என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கு முன் நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் அதே வார்டில் இருக்கிறது. ‘ஒப்புதல் வாங்கியாச்சா?’ என்றால் எதைக் கேட்கிறார்கள் என்று விளங்காது. ஆமோதிப்பும் கூட்டச் சொல்தான். ‘சரிபார்ப்புரை’ என்று வைப்போம்.

மடல் 5

ஒரு திருத்தம். கேட்டாயிற்று என்பதும் செய்தாயிற்று என்பதும் வேறு. இதயம் நின்றவருக்கு உயிர்மீட்புச் சிகிச்சை நடக்கும்போது எழுத நேரமில்லை, வாயால் மட்டுமே ஒப்பிப்பார்கள்: ‘அட்ரினலின் ஒரு மில்லிகிராம், நரம்பு வழியா.’ ஊசி போட்ட பிறகு இன்னொரு குரல் வர வேண்டும்: ‘அட்ரினலின் ஒரு மில்லிகிராம் போட்டாச்சு.’ இந்த இரண்டாவது குரல் வராவிட்டால், மருந்து போய்விட்டது என்று சிகிச்சைக் குழுவின் தலைவர் நினைத்துக்கொள்வார், அல்லது இன்னொருவரும் எடுத்துப் போடுவார்.

ரயில்வேயில் லெவல் கிராசிங் கேட்கீப்பர் நிலைய அதிகாரிக்குக் கொடுக்கும் பிரைவேட் நம்பரும் இந்த இரண்டாவது வகைதான். கேட் மூடப்பட்டது என்பதற்கு அந்த எண் உறுதிமொழி. மூடுவதற்கு முன்பே எண்ணைக் கொடுத்தால் வார்த்தைக்கும் கதவுக்கும் தொடர்பற்றுப் போகும். ஆகவே இதற்குத் தனியாக ‘முடிப்புரை’ வேண்டும், ஒப்புரைக்குள் அடக்கக் கூடாது.

மடல் 6

நன்றி. கையேட்டில் இப்படிப் போகிறது: ரீட்பேக் – ஒப்புரை (வினை: ஒப்பித்தல்). ஹியர்பேக் – சரிபார்ப்புரை. செய்தபின் அறிவிப்பது – முடிப்புரை. டீச்பேக் – தன்சொல் விளக்கம். எடுத்துக்காட்டாக ஆய்வக அழைப்பு ஒன்று:

ஆய்வகம்: ‘பதிவு எண் நாலு நாலு ஒன்று ஏழு. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.’
செவிலியர் (எழுதியதைப் பார்த்து): ‘ஒப்பிக்கிறேன். நாலு நாலு ஏழு ஒன்று, பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.’
ஆய்வகம்: ‘இல்லை. நாலு நாலு ஒன்று ஏழு.’
செவிலியர்: ‘நாலு நாலு ஒன்று ஏழு. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு.’
ஆய்வகம்: ‘சரி.’

பதிவு எண்ணோடு நோயாளியின் பெயரையும் ஒப்பிக்க வேண்டும் என்ற குறிப்பு இதன் கீழே வரும்.