பாஸ்வேர்டு தேடும் பாட்கள்: உங்கள் சர்வரில் நடந்ததைச் சொல்லுங்கள்

தோணித்துறை:
ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலுக்காகச் சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) ஒன்று எடுத்தோம். ரூட், அட்மின், உபுண்டு, டெஸ்ட் என்ற யூசர்நேம்களில் பாட்கள் (தானியங்கி நிரல்கள்) நுழையப் பார்த்ததாக லாகில் வருவது எல்லோருக்கும் வருவதுதான், அதை விடுங்கள். டொமைனை இணைத்து, எஸ்எஸ்எல் போட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நூலகத்தின் பெயரையே யூசர்நேமாகப் போட்டு முயற்சி நடக்கிறது. அந்த முகவரியை நூலகருக்கே இன்னும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. எப்படித் தெரிந்திருக்கும்?

வைகைக்கரை:
எஸ்எஸ்எல்லுக்குச் சர்டிஃபிகேட் வாங்கியதுமே பெயர் வெளியே வந்துவிடும். இலவசமாக சர்டிஃபிகேட் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் தருவதெல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாருக்கும் சொல்லாத என் சோதனை சப்டொமைனுக்கும் இப்படித்தான் வந்தார்கள்.

எஸ்எஸ்ஹெச்சில் (சர்வருக்குள் நுழையும் வழி) பாஸ்வேர்டு லாகினையே நிறுத்துங்கள், கீ (உங்கள் கணினியில் இருக்கும் சாவி ஃபைல்) போதும். ஆனால் ஹோஸ்டிங்கில் தயாராகக் கிடைக்கும் உபுண்டு கிளவுட் இமேஜில் எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைலில் மட்டும் ‘நோ’ என்று மாற்றினால் பல சமயம் வேலைக்காகாது. பக்கத்து ஃபோல்டரில் கிளவுட்-இனிட் (புது சர்வரை முதலில் அமைக்கும் நிரல்) வைத்த, 50 என்று தொடங்கும் ஃபைலில் ‘யெஸ்’ இருக்கும். முதலில் படித்த மதிப்புதான் செல்லும், அந்த ஃபோல்டரைத்தான் முதலில் படிக்கும். ‘sshd -T’ (பெரிய எழுத்து T) கொடுத்து எது நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொரு டெர்மினலில் கீ வழியாக நுழைந்து பார்க்காமல் பழைய செஷனை மூடிவிடாதீர்கள். தவறான முயற்சிகள் கூடினால் அந்த ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் போட்டுவிடுங்கள்.

மண்பானை:
இதெல்லாம் ரூட் (சர்வரின் முழு அதிகாரம்) கையில் இருப்பவர்களுக்குச் சரி. ஒரே சர்வரைப் பலர் பகிரும் ஷேர்டு ஹோஸ்டிங்கில் இருப்பவர்கள் எங்கே போவது? அத்தையின் பலகாரக் கடைத் தளம், வேர்ட்பிரஸ். பாட்களின் லாகின் முயற்சிகளால் தீபாவளி வாரத்தில் தளத்தில் 508 பிழை, ரிசோர்ஸ் லிமிட். யாரும் உள்ளே நுழையவில்லை. ஆனால் ஒவ்வொரு தவறான முயற்சிக்கும் பிஹெச்பி, டேட்டாபேஸ் என்று முழு வேர்ட்பிரஸும் ஓட வேண்டும். யூசர்நேம் சரியாக இருந்துவிட்டால், வேண்டுமென்றே மெதுவாக வைத்திருக்கும் பாஸ்வேர்டு ஹாஷ் சோதனை வேறு. எங்களுக்கு ஒதுக்கிய சிபியு அதிலேயே தீர்ந்துவிட்டது. “கடையை மூடிட்டீங்களாம்மா?” என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் போனில் கேட்டார். அத்தை பதில் சொல்லாமல் என்னையே பார்த்தார். ஹோஸ்டிங்காரர்களோ பிளானை உயர்த்தச் சொன்னார்கள். கடைசியில் ஹெச்டிஆக்சஸ் (வெப்சர்வருக்கான அமைப்பு ஃபைல்) வழியாக லாகின் பக்கத்துக்கு முன்னால் இன்னொரு பாஸ்வேர்டு வைத்து, வெளி ஆப்கள் லாகின் செய்யும் வழியான எக்ஸ்எம்எல்ஆர்பிசியையும் மூடினேன். இப்போது வெப்சர்வரே திருப்பி அனுப்பிவிடுகிறது.

செம்பருத்தி:
வைகைக்கரை, ஃபெயில்2பேனைப் போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். எங்கள் பள்ளியில் மதிப்பெண் ஏற்றக் கடைசி நாள். ஒரு டீச்சர் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட, ஸ்டாஃப் ரூம் மொத்தமும் நுழைய முடியாமல் உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் வெளியே ஒரே ஐபிதானே! தாக்கியவர்களோ ஒரு ஐபியில் ஓரிரு முயற்சி செய்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். 10 நிமிடத்தில் 5 தவறு என்ற வழக்கமான வரம்பு அவர்களைத் தொடவே இல்லை. ஒரே இணைப்பிலிருந்து பலர் வரும் சர்வர் என்றால், அந்த ஐபியை முதலில் இக்னோர்ஐபி (தடுக்கக் கூடாத ஐபிகள்) வரியில் சேருங்கள். அப்புறம் ஃபெயில்2பேனை ஆன் செய்யுங்கள்.