எடிட்டிங் மென்பொருளில் ஏற்றினால் ஒலி மட்டும் வருகிறது, படம் வரவில்லை: உதவி தேவை

போனில் எடுத்த ஒரு நேர்காணலை எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவந்தால் டைம்லைனில் ஒலி மட்டும் விழுகிறது. படம் இருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பு. என் ஆசிரியரின் நேர்காணல் இது, மறுபடி எடுக்க வாய்ப்பில்லை.

கோப்பு: எம்பி4, ஹெச்இவிசி கோடெக் (படத்தைச் சுருக்கும் முறை), 10 பிட் ஹெச்எல்ஜி (ஹெச்டிஆர் எனப்படும் விரிந்த ஒளி வீச்சு கொண்ட பட வகை), 4கே, நொடிக்கு 30 பிரேம். கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோவில் பார்த்தால் பிரேம் வேகம் 'மாறக்கூடியது' என்கிறது. கணினி விண்டோஸ் 11, 16 ஜிபி ரேம். விஎல்சி பிளேயரில் அருமையாக ஓடுகிறது, அதனால் கோப்பு கெட்டுப்போகவில்லை என்றே நினைக்கிறேன். இதே போனில் ஹெச்டிஆரை அணைத்துவிட்டு எடுத்தவை சிக்கலின்றி ஏறுகின்றன. போன வாரத்திலிருந்து இதே போராட்டம்தான்.

கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தேன், விண்டோஸுக்கான ஹெச்இவிசி நீட்சியை நிறுவினேன், மென்பொருளின் கேஷையும் அழித்தேன். எஃப்எஃப்எம்பெக் என்ற மாற்றும் கருவியில் மறு என்கோடிங் (படத்தை மீண்டும் சுருக்குவது) இல்லாமல் எம்ஓவி ஆக மாற்றினேன். கோப்பின் வெளி உறை மட்டும்தானே மாறும், உள்ளே அதே கோடெக், பலனில்லை. அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மாற்றும் மென்பொருளில் நிலையான பிரேம் வேகம் வைத்து 8 பிட் ஹெச்.264 கோடெக்குக்கு மாற்றினேன். படம் வந்தது, உதடும் ஒலியும் ஒத்துப்போயின. ஆனால் நிறம் வெளிறி, முகத்தில் உயிரே இல்லை. எடிட்டிங்குக்கான புரோரெஸ் 422 கோடெக்கில் நிறம் அப்படியே இருக்கிறது, ஆனால் நிமிடத்துக்கு 4 ஜிபிக்கு மேல் போகிறது. ஒன்றரை மணி நேரப் பதிவுக்கு என் வட்டில் இடம் போதாது.

சரி, கேள்வி இதுதான்: 10 பிட் நிறத்தை இழக்காமல், நிலையான பிரேம் வேகத்தில், புரோரெஸைவிடச் சிறிய கோப்பாக மாற்ற எந்தக் கோடெக்கை, எந்த அமைப்புகளோடு பயன்படுத்தலாம்?