பக்கத்து வீட்டில் லாஃப்ட் அறை: பொதுச்சுவரில் துளை போட்டு பீம் வைக்கப் போகிறார்களாம், என்ன செய்வது?

நடுவீட்டுக்காரன்:
வணக்கம். இங்கிலாந்தில் வரிசை வீடுகளில் நடுவில் இருப்பது எங்கள் வீடு. நூறு வருடத்துக்கு மேலான செங்கல் கட்டடம். இடது பக்கத்து வீட்டுக்காரர் லாஃப்டை, அதாவது சாய்கூரைக்கு அடியில் உள்ள இடத்தை, படுக்கையறையாக மாற்றுகிறார். போன வாரம் சாரம் கட்டிவிட்டார்கள். பின்கூரையில் பெட்டி மாதிரி வெளியே துருத்திய டார்மர் வருமாம், அதன் ஜன்னல் நேராக எங்கள் தோட்டத்தைப் பார்க்கும். ஜன்னல் இல்லை, கதவு என்றுகூடச் சொல்கிறார்கள்.

பில்டரிடம் பேச்சுக் கொடுத்தேன். "திங்கட்கிழமை ஸ்டீல் பீம் ஏறும், நடுச்சுவரில் நாலு துளை போடணும், அவ்வளவுதான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சுவரின் மறுபக்கம்தான் எங்கள் மகள் தூங்குகிறாள். அங்கே ஏற்கெனவே மயிரிழை விரிசல் ஒன்று இருக்கிறது.

கவுன்சிலுக்குப் போன் செய்தால், இதற்குப் பிளானிங் அனுமதி தேவையில்லை, எங்களால் தலையிட முடியாது என்கிறார்கள். அனுமதியே இல்லாமல் ஒரு மாடி கட்டலாமா? பத்து வருடமாக நல்ல பழக்கம், சண்டை போடவும் மனமில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

செங்கல்:
தம்பி, கட்டட வரைபட வேலையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். நீங்கள் கவலைப்படும் இடம் ஒன்று, உங்களுக்குச் சட்டம் கைகொடுக்கும் இடம் வேறு.

கவுன்சில் சொன்னது பெரும்பாலும் சரிதான். வரிசை வீட்டில் கூரைக்கு 40 கன மீட்டர் வரை அனுமதி கேட்காமலே கூட்டலாம் (தனி வீட்டுக்கும் இரட்டை வீட்டுக்கும் 50). உதாரணமாக டார்மர் 5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம், கூரையைத் தொடும் இடம்வரை 4 மீட்டர் ஆழம் என்றால், அது சாய்கூரையில் முக்கோணமாக உட்காருவதால் பாதிதான், 24 கன மீட்டர். ஆனால் பழைய உரிமையாளர் கூரையில் ஏதாவது கூட்டியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். கூரை முகட்டுக்கு மேல் போகக்கூடாது, தெருப்பக்கச் சரிவுக்கு வெளியே வரக்கூடாது, டார்மர் கூரை விளிம்பிலிருந்து முடிந்தவரை 20 செ.மீ. உள்ளே தள்ளியிருக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதியில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். அங்கே இந்தச் சலுகையே கிடையாது.

பின்பக்க ஜன்னல் தோட்டத்தைப் பார்க்கிறது என்பதற்காக நிறுத்த முடியாது. மங்கல் கண்ணாடி விதி பக்கச்சுவர் ஜன்னல்களுக்குத்தான். கதவுக்கு வெளியே கம்பி மட்டும் என்றால் சரி. கால் வைத்து நிற்க மேடை வந்தால் அது பால்கனி, அனுமதி வேண்டும்.

இப்போது அந்த நாலு துளை. 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி, சுவரில் பீம் செருக இரண்டு மாதம் முன்பே உங்களுக்கு எழுத்தில் அறிவிப்பு தர வேண்டும். அது வந்ததா?

கூரைமேல்_பூனை:
பேசாமல் கவுன்சிலில் புகார் போடுங்கள். நாலு வருடத்துக்குள் சொன்னால் இடிக்க வைக்கலாம்.

செங்கல்:
அந்த நாலு வருடக் கணக்கு 2024 ஏப்ரல் 25இல் மாறிவிட்டது, இங்கிலாந்தில் இப்போது பத்து. அதுவும் விதி மீறல் இருந்தால்தான். பொதுச்சுவர் விஷயத்தில் கவுன்சில் தலையிடாது. அறிவிப்பில்லாமல் சுவரில் கைவைத்தால் நீதிமன்றத் தடைதான் வழி. அதற்கு முன் ஒரு நல்ல வார்த்தை பேசிப் பார்க்கலாமே.

நடுவீட்டுக்காரன்:
அக்கா, வெட்கமாக இருக்கிறது. சமையலறை இழுப்பறையில், பீட்சா விளம்பரத் தாள்களுக்கு நடுவே இரண்டு கடிதம். முதலாவது மூன்று மாதத்துக்கு முந்தியது, இரண்டாவது வந்து எட்டு நாள். ஏதோ விற்பனைக் கடிதம் என்று போட்டுவிட்டேன் போல. இரண்டாவதில் "10 நாளுக்குள் உங்கள் சர்வேயரைச் சொல்லுங்கள்" என்று இருக்கிறது.

செங்கல்:
நல்ல வேளை பார்த்தீர்கள். முதல் அறிவிப்புக்கு 14 நாளில் பதில் தராவிட்டால் தகராறு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் சர்வேயர் நியமனம், அதாவது சுவர் வேலையைப் பார்த்து முடிவு சொல்லும் கட்டட வல்லுநர். இந்தப் பத்து நாளும் தாண்டினால் உங்கள் சார்பில் பக்கத்து வீட்டுக்காரரே ஒருவரை நியமித்துவிடலாம். இன்றே எழுதுங்கள். இருவருக்கும் பொதுவாக ஒரே சர்வேயரும் போதும். இந்த மாதிரி வேலையில் செலவு பொதுவாகக் கட்டுகிறவருடையது. சர்வேயரின் தீர்ப்பாவணம் (அவர் எழுதித் தரும் முடிவு) வருவதற்கு முன் திங்கட்கிழமை பீம் ஏற்றுவது தவறு. அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பதமாகச் சொல்லுங்கள். பாவம், பில்டர் அவசரப்படுத்தியிருப்பார்.

துளை போடுவதற்கு முன் உங்கள் பக்கத்து நிலையைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள்: ஒவ்வொரு அறையும், ஒவ்வொரு விரிசலும், படத்தோடு. அந்த மயிரிழை பிறகு பெரிதானால் அதுதான் சாட்சி. நீங்களும் ஸ்கேல் வைத்துத் தேதியோடு எடுத்து வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் லாஃப்டில் ஏறி, நடுச்சுவர் கூரை வரை போகிறதா என்று பாருங்கள். பழைய வரிசை வீடுகள் சிலவற்றில் அங்கே செங்கலே இருக்காது. அறை வந்தால் தீ பரவாமல் அதை அடைத்தாக வேண்டும். பிளானிங் வேண்டாம் என்றாலும் கட்டட விதிமுறை எல்லாருக்கும் உண்டு. பீம், தீத்தடுப்பு, படிக்கட்டு எல்லாவற்றையும் ஆய்வாளர் பார்த்து முடிவுச் சான்றிதழ் தருவார்.

நடுவீட்டுக்காரன்:
எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரும் நல்ல மனிதர், "நீங்கள் பதில் போடாததால் கோபமோ என்று நினைத்தேன்" என்றார். பீம் தள்ளிப்போகிறது. பில்டர் முகம்தான் சரியில்லை. இரண்டு பேருக்கும் ஒரே சர்வேயர் என்று முடிவாகி, அவரும் வந்து மகளின் அறை விரிசலை 0.5 மி.மீ. என்று குறித்துக்கொண்டார்.

அப்புறம் சர்வேயரோடு எங்கள் லாஃப்டில் ஏறினேன், அக்கா. இடுப்பு உயரத்துக்கு மேல் சுவரே இல்லை. பத்து வருடமாக எங்கள் சூட்கேஸ்களில் பாதி பக்கத்து வீட்டில்தான் இருந்திருக்கின்றன.