ராஜபாளையம் நாய்க்குப் பச்சைக்கறி: போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு மூன்று வயது, 28 கிலோ. காலையில் கண்மாய்க் கரையில் அவிழ்த்துவிட்டால் நாக்கு தொங்கும்வரை ஓடிவிட்டுத்தான் திரும்புவான். ஆனால் பாக்கெட் தீவனத்தைப் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டையே மூக்கால் தள்ளிவிடுவான். சித்திரை வெயிலில் முகர்ந்து பார்ப்பதுகூடக் கிடையாது. அப்படித்தான் பச்சைக்கறி, அதாவது வேகவைக்காத இறைச்சிப் பக்கம் போனோம்.

பச்சைக்கறி போடுபவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு: வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம். அதில் சதை 80 பங்கு, எலும்பு 10, ஈரல் 5, மற்ற உள்ளுறுப்பு 5. இவனுக்கு 700 கிராம் என்று வைத்தால் ஈரல் 35 கிராம்தான் வருகிறது, உள்ளங்கையில் ஒரு ஓரத்துக்குக் காணாது. ஆசையாகத் தின்கிறதே என்று தினமும் கால் கிலோ ஈரல் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வைட்டமின் ஏ உடம்பில் தேங்கிப் பின்னால் எலும்பைப் பதம் பார்க்கும்.

எலும்புக்குக் கோழிக்கழுத்து, கோழிக்கால். வேகவைத்த எலும்பு சில்லுசில்லாகப் பிளந்து குடலைக் கிழிக்கும், அதனால் அது பச்சையாகத்தான். மாட்டுத் தொடை எலும்பு வாங்குவதே இல்லை. கடைவாய்ப் பல் பிளந்தால் பிடுங்குவதற்குத் தனிச் செலவு. அளவு சரியா என்பது மறுநாள் காலை மலத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் எலும்பு கூடிவிட்டது. கறுத்து இளகிப் போனால் ஈரல் கூடிவிட்டது.

கறிக்கடை பாய் தங்கமான மனுஷன். "நாய்க்குத்தானே, சும்மா எடுத்துட்டுப் போங்க" என்று ஆட்டு நுரையீரல், ஈரல் துண்டு, சுவரொட்டி (மண்ணீரல்) எல்லாம் ஒரு பையில் போட்டு நீட்டுவார். வாங்கிக்கொள்வேன், ஆனால் நன்றாகக் கொதிக்க வைக்காமல் போட மாட்டேன். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில சமயம் தண்ணீர் கோத்த கட்டிகள் இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் அரிசி அளவுக்கு நாடாப்புழு வளரும். அதன் முட்டை மலத்தில் வெளியேறி, நம் கையில் ஒட்டி வயிற்றுக்குள் போனால், வருஷக்கணக்கில் நம் ஈரலில் கட்டி வளரும். ஹைடடிட் என்பார்கள். நாய்க்கு ஒன்றும் ஆகாது, அறுவை சிகிச்சை நமக்குத்தான். கால்நடை டாக்டரிடம் கேட்டு பிராசிகுவான்டல் உள்ள பூச்சி மாத்திரையும் தவறாமல் கொடுக்கிறேன்.

பலன் என்ன என்று கேட்டால், தட்டைக் காலி செய்கிறான், முடி மினுங்குகிறது, மலம் அளவில் குறைந்திருக்கிறது. முன்னைவிட வேகமாக ஓடுகிறானா? அப்படி ஒன்றும் தெரியவில்லை.

விருதுநகரிலிருந்து:

அண்ணே, எங்கள் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை வேட்டை நாய்களைத் தலைமுறையாக வளர்க்கிறோம். தாத்தா காலத்தில் கம்பங்கூழும் சோளக்களியும் மோரும்தான். வேட்டைக்குப் போன அன்றைக்கு முயல் குடல் கிடைத்தால் உண்டு. அந்த நாய்கள்தான் கரிசல்காட்டில் முயலை விரட்டிப் பிடித்தன.

நாய் ஓநாயின் வாரிசு, தானியமே ஆகாது என்று சொல்லிச் சத்துப் பொடி விற்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். 2013-இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்கிற ஏ.எம்.ஒய்.2பி மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான் இருக்கிறது, நாயிடம் 4 முதல் 30 வரை இருக்கிறது என்று காட்டியது. நம் சோற்றைத் தின்றுதான் அது நாயானது. கறி போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூழைக் கேவலமாகப் பேசாதீர்கள், அவ்வளவுதான்.

கோவையிலிருந்து:

குட்டி வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். பக்கத்து வீட்டில் ஜெர்மன் ஷெப்பர்டு குட்டிக்கு எலும்பில்லாத கோழிக்கறி மட்டும் போட்டு வளர்த்தார்கள். பளபளவென்றுதான் இருந்தது. நாலாவது மாதம் முன்னங்கால் வில் மாதிரி வளைந்து, படி ஏறச் சொன்னால் உட்கார்ந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தில் எலும்பு சதையோடு கலந்து மங்கலாகத் தெரிந்தது, ஓரம்கூடச் சரியாகத் தெரியவில்லை.

டாக்டர் விளக்கினார். வெறும் சதையில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு என்ன செய்யும்? எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். உடனே அந்த வீட்டு அம்மா, "அப்போ கால்சியம் டானிக் நிறைய ஊத்தட்டுமா?" என்றார். அதுவும் ஆபத்தாம். பெரிய சாதிக் குட்டிகளால் கூடுதல் கால்சியத்தை ஒதுக்கித் தள்ள முடியாது, வேறு விதமாக எலும்பு கோணும். கடைசியில் பெரிய சாதிக் குட்டிகளுக்கான தீவனத்துக்கு மாற்றினார்கள். இப்போது நடக்கிறது, வளைவு முழுசாகப் போகவில்லை.

சென்னையிலிருந்து:

எங்கள் லாப்ரடாருக்குப் பச்சைக்கறி நன்றாகவே ஒத்துக்கொண்டது. ஆனாலும் நிறுத்திவிட்டோம், காரணம் மாமியார். அவருக்குப் புற்றுநோய்க்குக் கீமோ நடக்கிறது, நோய் எதிர்ப்பு குறைந்திருக்கும் நேரம். பச்சைக்கறியில் வரும் சால்மொனெல்லா கிருமி பல சமயம் நாயிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும், எச்சிலிலும் மலத்திலும் வந்துகொண்டே இருக்கலாம். அவர் மடியில் தலை வைத்துப் படுக்கிற நாய். ஃப்ரீஸரில் வைத்தால் செத்துவிடாதா என்று நானும் கேட்டேன். பாக்டீரியா நிறைய தப்பிப் பிழைக்குமாம்.

இன்னொன்று, பச்சைக் கோழிக்கழுத்து. நாய்களுக்குத் திடீரென்று பின்னங்காலில் தொடங்கி வாதம் வரும் ஒரு நோய் உண்டு. அந்த நோய் வந்த நாய்களிடம் கோழிக்கறியிலிருந்து தொற்றும் கேம்பைலோபாக்டர் கிருமி அதிகமாக இருந்ததை மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் 2018-இல் கண்டார்கள். எல்லா நாய்க்கும் வராது, அரிதுதான். அரிது என்றாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. இப்போது கறியை வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டு, கால்சியத்துக்கு முட்டை ஓட்டை மாவாக அரைத்து டாக்டர் சொன்ன அளவில் கலக்கிறேன்.

மதுரையிலிருந்து மறுபடி:

சென்னை அக்கா சொன்ன முட்டை ஓட்டு யோசனை நல்லா இருக்கு, எங்கள் டாக்டரிடமும் அளவு கேட்கிறேன். எந்த நேரத்தில் சாப்பாடு போடுவது என்று தனியாகக் கேட்டிருந்த தம்பிக்கு: ஓடிவிட்டு வந்ததும் போடாதே, மூச்சு அடங்கட்டும். தின்றதும் ஓடவும் விடாதே. இந்த மாதிரி நெஞ்சு ஆழமான நாய்களுக்கு இரைப்பை காற்றடைத்து முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்தும் வெறும் நுரை மட்டும் வந்தால் விடியட்டும் என்று இருக்காமல் ராத்திரியே வண்டியை எடு.