கானாடுகாத்தான் பக்கம் மரத்தடியில் வரிசையாக மண் குதிரைகள்: யார் செய்வது, உடைந்தால் ஏன் அப்படியே விடுகிறார்கள்?

கேட்டவர்: கோவைப் பயணி

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கக் குடும்பத்தோடு காரைக்குடி வந்திருந்தோம். கானாடுகாத்தானில் பெரிய வீடுகளைப் பார்த்து முடித்துவிட்டு, வெயில் தாழட்டும் என்று ஒரு கிராமத்து ரோட்டில் சும்மா வண்டியை விட்டோம். ஓரிடத்தில் மரங்கள் அடர்ந்து நின்றன, அதற்குள் இரண்டு பக்கமும் வரிசையாக மண் குதிரைகள். ஆள் உயரத்துக்கு மேல் சில, இடுப்பளவு சில. டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. இதைவிட நல்ல சிற்பக் கண்காட்சியை நான் எந்த ஊரிலும் பார்த்ததில்லை, உண்மையாகச் சொல்கிறேன். ஒன்றின் கழுத்தில் மண்ணாலேயே மணி கோத்திருந்தார்கள், ஒவ்வொரு மணியிலும் விரலால் அமுக்கிய பள்ளம் அப்படியே இருந்தது. பின்வரிசையில் பாதிக்கு மேல் தலை இல்லாமல், கால் ஒடிந்து, பாசி பிடித்துக் கிடந்தன. மனசு கேட்கவில்லை. யார் செய்கிறார்கள், எதற்காக, இவற்றை எடுத்து வைத்துப் பாதுகாக்க யாரும் இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கண்டனூர்க்காரன்

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் சோலை ஆண்டவர் கோயிலாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஆனால் எங்கள் பக்கம் அய்யனார் கோயில் என்றாலே குதிரை இல்லாமல் இருக்காது. அய்யனார் ஊரையும் கண்மாயையும் காவல் காக்கிற சாமி, ராத்திரி எல்லையைச் சுற்றி வர அவருக்குக் குதிரை வேண்டும். மழை பெய்ய, பிள்ளை வரம் வேண்டி, நோய் தீர என்று நேர்ந்துகொண்டு செய்து வைப்பது. பிள்ளைக்காக வேண்டியவர்கள் மதலை என்று குழந்தை உருவமும் செய்து வைப்பார்கள். காளை, நாய், யானையும் பார்க்கலாம்.

இதற்கென்று புரவி எடுப்புத் திருவிழா உண்டு, புரவி என்றால் குதிரை. முதலில் ஊர் சார்பில் வேளாரிடம், அதாவது மண் வேலை செய்கிற குயவரிடம், குதிரை செய்யச் சொல்லி ஒரு பிடி மண் கொடுப்பார்கள், அதுதான் பிடிமண். குதிரை தயாரானதும் புரவிப் பொட்டல் என்கிற திறந்த வெளியில் வைத்து மாலை, வேட்டி எல்லாம் சாத்தி, கம்பு கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். சிவகங்கைச் சீமையில் பல ஊர்களில் அரண்மனை சார்பில் செய்கிற அரண்மனைப் புரவிதான் முதலில் போகும், அதற்குப் பிறகுதான் நேர்த்திக்கடன் புரவிகள். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் புரவி எடுப்பை ஒரு தடவை வந்து பாருங்கள். நீங்கள் பார்த்ததெல்லாம் திருவிழா முடிந்த பிறகு நிற்கிற குதிரைகள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள், பிள்ளைகளைக் குதிரை மேல் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள்.

பதில்: களிமண்

எங்கள் வீட்டில் அப்பா, பெரியப்பா இருவரும் வேளார் வேலை செய்தவர்கள், நானும் விடுமுறையில் மண் மிதித்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதிக்க வேண்டும், வெறும் களிமண் என்றால் காயும்போதே வெடித்துவிடும். முதலில் நான்கு கால். அவை கொஞ்சம் இறுகின பிறகுதான் மேலே வயிற்றை வளைத்துக் கட்டுவோம், ஈரத்தோடு ஏற்றினால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கும். உள்ளே முழுக்கக் கூடு. வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தால் ஓட்டை தெரியும், சுடும்போது ஆவி வெளியே போக அது வேண்டும். பெரிய குதிரைக்குக் கழுத்தும் தலையும் தனியாகச் செய்து பொருத்துவது. மணி, சேணம், கடிவாளம் எல்லாம் கடைசியில் கையாலேயே ஒட்டுவது, நீங்கள் பார்த்த விரல் பள்ளம் அங்கே விழுந்ததுதான். நிழலில் நன்றாகக் காய வைத்து, விறகும் வைக்கோலும் எருவும் அடுக்கி மேலே மண் பூசிச் சுடுவோம். சுண்ணாம்பும் வர்ணமும் பிறகு. இரண்டு மழைக்காலம் போனால் வர்ணம் கரைந்து செம்மண் நிறம் வந்துவிடும், எனக்கு அதுதான் அழகு.

உடைந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். சாமிக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், மண்ணோடு மண்ணாகப் போகட்டும் என்று விட்டுவிடுவோம். பழையது விழுந்தால்தான் ஊர் மறுபடி பிடிமண் கொடுக்கும், எங்களுக்கும் வேலை வரும், சின்னப் பையன் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து கால் உருட்டக் கற்றுக்கொள்வான். இப்போது பல கோயில்களில் சிமெண்டில் ஒரே தடவையாகக் குதிரை கட்டிவிடுகிறார்கள். அது நிற்கும், சரி. ஆனால் அந்த ஊரில் அடுத்த தலைமுறைக்குக் குதிரை செய்யத் தெரியாது.

பதில்: கோட்டோவியம்

நான் சிற்பம் படித்தவள். களிமண் அண்ணன் சொல்வதை ஏற்கிறேன், ஆனாலும் ஒரு சின்ன மறுப்பு. டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் தமிழ்நாட்டு மண் குதிரைகள் நிற்கின்றன, அவற்றைப் பார்த்துத்தான் வடக்கே பலருக்கு இந்தக் கலை தெரிந்தது. அதற்காகக் கோயிலில் இருப்பதைப் பெயர்க்க வேண்டாம், உடைந்த தலையைக் கொண்டுபோய் வரவேற்பறையில் வைக்கவே கூடாது. ஆனால் எந்த ஊர், எந்த வருஷம், எந்தக் குடும்பம் செய்தது என்று படத்தோடு எழுதி வைக்கலாமே. ஒவ்வொரு குடும்பத்துக்கும் காது வைக்கிற விதம் வேறு, மூக்கு வேறு. உடைந்து போனால் அந்த வேறுபாடும் போய்விடும்.

கோவை நண்பரே, அடுத்த முறை புதுக்கோட்டை ரோட்டில் நமணசமுத்திரம் பக்கம் இளங்குடிப்பட்டிக்குப் போங்கள், கோயிலுக்குப் போகிற வழி நெடுக இரண்டு வரிசை. கீரமங்கலம் பக்கம் குளமங்கலத்தில் முப்பது அடிக்கு மேல் உயரமான குதிரை ஒன்று இருக்கிறது, மாசி மகத்துக்குக் காகிதப்பூ மாலைகளால் அதை மூடிவிடுவார்கள். காலை ஏழு மணிக்குப் போங்கள், சாய்ந்த வெயிலில்தான் சேணத்து வேலைப்பாடு எல்லாம் தெரியும்.

கோவைப் பயணி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. என் மனைவி ஒன்று கேட்கச் சொல்கிறாள்: வெளியூர்க்காரர்களும் நேர்ந்துகொண்டு குதிரை செய்து வைக்கலாமா? மண் கிடைப்பது கஷ்டம் என்று கேள்விப்பட்டோம், அது இன்னும் அப்படித்தானா?

பதில்: களிமண்

வைக்கலாம், ஆனால் ஊருக்கு ஊர் வழக்கம் மாறும், பூசாரியிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் முதலில் கேளுங்கள். பிடிமண் கொடுக்கிறதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், அப்போதுதான் வேளார் கணக்கில் சேர்த்து மண் எடுப்பார். மண்ணுக்கு முன்பு மாவட்ட அளவில் அலைய வேண்டியிருந்தது, 2024ல் விதியைத் திருத்தித் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். ஆனாலும் கண்மாயில் தண்ணீர் வற்றிய பிறகுதான் வெட்ட முடியும். சிமெண்ட் வேண்டாம், மண்ணில்தான் வேண்டும் என்று உங்கள் வீட்டம்மாவை அழுத்திச் சொல்லச் சொல்லுங்கள்.