ஏஸ் அட்டைக்குப் பகடையில் +2: இது நியாயமா?

சூரமங்கலம்_சேபர்:
போன ஞாயிறு ஏற்காட்டில் 1971 நவம்பர் 22 போய்ரா வான்சண்டையை (இந்தியாவும் பாகிஸ்தானும் மோதியது) மேஜை விளையாட்டாக ஆடினோம். எதிராளியிடம் இந்தியாவின் நான்கு நேட் போர் விமானங்கள், என்னிடம் பாகிஸ்தானின் சேபர்கள். அவர் கையில் ஏஸ் அட்டை, அதாவது கைதேர்ந்த விமானிக்கான அட்டை, வேறு. சுடும்போது பகடையில் எது விழுந்தாலும் இரண்டு கூடும். மூன்றே சுற்றில் என் பக்கம் காலி. தோற்ற கடுப்பில் எழுதவில்லை (கொஞ்சம் இருக்கிறது). நிஜத்தில் சேபர்கள் தரையைத் தாக்குவதில் மும்முரமாக இருந்தன. கொல்கத்தாவின் டம்டமில் இருந்து கிளம்பிய நேட் விமானங்களை ரேடார்காரர்கள் சரியான இடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். இதில் +2 எங்கே வந்தது?

அஸ்தம்பட்டி_அறுகோணம்:
தம்பி, ஒரு சண்டையை வைத்துச் சட்டம் போடாதீர்கள். வியட்நாமைப் பாருங்கள். 1968 வாக்கில் அமெரிக்கக் கடற்படை ஒரு விமானத்தை இழந்து ஏறக்குறைய இரண்டு வட வியட்நாம் மிக் போர் விமானங்களைத்தான் வீழ்த்திக்கொண்டிருந்தது. 1969இல் கலிபோர்னியாவின் மிராமரில் கடற்படை விமானிகளுக்கு வான்சண்டை பழக்கும் டாப்கன் பள்ளி வந்தது. 1972இல் ஒன்றுக்குப் பன்னிரண்டு! விமானம் அதே பேண்டம்தான். அப்படிப் பள்ளி வைக்காத அமெரிக்க விமானப்படை பழைய கணக்கிலேயே நின்றது. +2 கூடக் குறைச்சல் என்பேன்.

கொண்டலாம்பட்டி_பகடை:
அதற்குள் கடற்படைக்குத் மேம்பட்ட சைட்வைண்டர் ஏவுகணையும் வந்துவிட்டது அண்ணா. அதையும் கழியுங்கள்.

சூரமங்கலம்_சேபர்:
திறமை இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அது எங்கே வேலை செய்கிறது என்றுதான் கேட்கிறேன். மிராமரில் ஏ-4 விமானங்களை மிக்-17 வேஷம் கட்ட வைத்துப் பழகினார்கள். மிக்-17 நெருக்கமாகத் திரும்பும். கூடவே திரும்பினால் பேண்டத்துக்கு வேகம் போய்விடும். அந்த வலையில் விழாமல் மேலே ஏறு என்பது பாடம். நம் ஏற்காடு பஸ் மாதிரி. அதே வண்டி, அதே இருபது கொண்டை ஊசி வளைவு. பழகிய டிரைவர் வளைவுக்கு முன்னாலேயே கியரை இறக்கிவிடுவார். புதியவர் வளைவு நடுவில் மாற்றுவார். வண்டி உறுமி நின்று பின்னால் சரியும், கண்டக்டர் இறங்கிக் கல் தேடுவார். அதனால் புதுமுக விமானி நகர்வை முதலிலேயே எழுதிக் கவிழ்த்து வைக்கட்டும். பழகியவர் எதிராளியின் நகர்வைப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

அஸ்தம்பட்டி_அறுகோணம்:
கேட்க நன்றாக இருக்கிறது. எட்டு விமானத்துக்கும் எழுதி, கவிழ்த்து, திறந்து பார்த்து... போன வருஷம் அப்படி ஆடினோமே, மறந்துவிட்டீர்களா? இரண்டு சுற்று முடிவதற்குள் கடைசி பஸ் போய்விட்டது. வாங்கி வைத்த பஜ்ஜி கல்லாகிவிட்டது. +2 மொட்டையான விதிதான், ஆனால் ஆட்டம் முடியும்.

கொண்டலாம்பட்டி_பகடை:
அப்படியானால் +2 இருக்கட்டும், இடத்தை மாற்றுங்கள். சுடுகிற பகடையில் வேண்டாம். யார் யாரை முதலில் பார்க்கிறார் என்று தனியாக ஒரு பகடை போட்டு, அதில் கூட்டுங்கள். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானி ஹார்ட்மன் வீழ்த்தியது 352 விமானம். பலருக்கு அவர் வந்ததே தெரியாது. தரையைக் குறிவைக்கும் விமானத்துக்கு அந்தப் பகடையே கிடையாது.

அஸ்தம்பட்டி_அறுகோணம்:
ம்... சுற்றுக்கு ஒரு பகடை கூடுதல், அவ்வளவுதானே. சரி, ஒரு தடவை பார்க்கலாம்.

சூரமங்கலம்_சேபர்:
ஞாயிறு அதே போய்ரா. இந்த முறை நேட் எனக்கு.